ஆடு போன பிறகு கம்பளி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் விட்னி என்கிற சின்ன ஊர் கம்பளிப் போர்வையால் வளர்ந்த கதையைப் போன இதழில் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை. 1711-ல் அந்த ஊர் நெசவாளர்கள் அரச பட்டயம் வாங்கிச் சங்கம் வைத்ததும், 1721-ல் மண்டபம் கட்டி, நெய்த போர்வைகளை அங்கே கொண்டுவந்து அளந்து எடை பார்த்த பிறகே வெளியே அனுப்பினார்கள் என்பதும் படிக்க மலைப்பாக இருந்தது. ஆனால் கடைசியில், நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கம்பளியைப் பற்றி ஒரே வரியில், இயந்திரம் வந்தது, கைத்தறி செத்தது என்று முடித்துவிட்டீர்கள். அது சரியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

விட்னியையே எடுத்துக்கொள்ளுங்களேன். அங்கே இயந்திரம் வந்த பிறகும் தொழில் ஓடியது, கடைசி ஆலை மூடியது 2002-ல். வீட்டுக்கு வீடு சூடேற்றும் வசதியும், மெத்தை மாதிரியான புதுப் போர்வைகளும் வந்ததில்தான் கம்பளிக்கு வேலை குறைந்தது. நம் கதை வேறு. இங்கே முதலில் போனது ஆடு.

கிருஷ்ணகிரி, தருமபுரி, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு சுற்று வட்டாரத்தில் குறும்பர்கள் செம்மறி ஆடு மேய்த்து, அந்த ஆட்டு மயிரிலேயே கம்பளி நெய்தவர்கள். 1800-ல் மைசூர்ச் சீமையைச் சுற்றிவந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன்கூடக் குறும்பர் கம்பளியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். விட்னிக்காரர்களுக்கு விண்ட்ரஷ் ஆறு இருந்தது, அந்தத் தண்ணீரில் ஓடிய ஆலையில் துணியைப் போட்டு அடித்து அடித்து இழை ஒன்றோடொன்று பின்னும்படி செய்தார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஆறு கிடையாது, ஆலையும் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு தரம் ஆட்டை ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டி, காய்ந்ததும் மயிர் கத்தரித்து, நிறம் பார்த்துப் பிரித்து, வில் நரம்பால் அடித்துப் பஞ்சாக்கி, பெண்கள் ராட்டையில் நூற்று, பாவுக்கு, அதாவது நீளவாக்கு நூலுக்கு, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, தரையில் குழி வெட்டி வைத்த குழித்தறியில் ஆண்கள் நெய்வார்கள். கருங்குறும்பை ஆட்டு மயிர் பிறவியிலேயே கறுப்பு, சாயமே வேண்டாம். மயிரில் உள்ள எண்ணெய்ப் பசையால் தூறலில் கம்பளி சட்டென்று நனையாது. அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மார்கழிக் குளிரிலும் ஐப்பசி மழையிலும் காட்டில் கிடந்தவர்கள் நம் ஆட்கள். ராகி காயப்போட, களத்தில் படுக்க, கல்யாணத்தில் விரித்து உட்கார, எல்லாவற்றுக்கும் அதே கம்பளிதான். கையில் தொட்டால் குத்தும், உண்மைதான். ஆனால் நன்றாக நெய்த ஒன்று அப்பாவுக்குப் பிறகு மகனுக்கும் வரும்.

அந்த ஆட்டில் வருஷம் முழுக்க ஒரு கிலோ மயிர் தேறுவதே பெரிய விஷயம். அதனால் வெறும் மயிருக்காக யாரும் மந்தை வைத்துக்கொள்ள முடியாது. மந்தையை நிற்கவைத்தது கிடை. அறுவடை முடிந்த வயலில் இரவு ஆட்டை அடைத்தால் நிலத்துக்குப் புழுக்கையும் மூத்திரமும், ஆட்டுக்காரருக்குத் தானியமோ காசோ. உர மூட்டை வந்ததும் கிடைக்குக் கூப்பிடுவது குறைந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டு வருஷம் முழுக்கப் பயிர் வைத்த பிறகு ஆடு நிற்கத் தரிசும் இல்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் மாந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும், ஓசூர்ப் பக்கம் சிப்காட்டாகவும் மாறிக்கொண்டே போனது. காட்டுக்குள் போனால் வனத்துறை. அப்புறம் கறி விலை ஏறியது. மயிர் குறைவான, கறிக்கு நன்றாக வரும் மேச்சேரி ஆடு பட்டிக்கு வந்தது, கருங்குறும்பை ஒதுங்கியது. யாரையும் குறை சொல்ல முடியாது, பிழைக்க வேண்டுமே.

இவ்வளவும் ஆன பிறகுதான் பானிப்பட்டில் பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூற்று நெய்த மலிவுப் போர்வையும், அதற்குப் பின்னால் பாலியெஸ்டரும் வந்து மிச்சத்தை முடித்தன. கட்டுரையாளர் இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்திருக்கிறார் என்பது என் வருத்தம். ஏனென்றால் காரணத்தைத் தப்பாகச் சொன்னால் மருந்தும் தப்பாகத்தான் வரும். தறி கொடுக்கிறோம், பயிற்சி கொடுக்கிறோம் என்று யாராவது வருவார்கள். நூலுக்கு மயிர் எங்கிருந்து வரும்? இன்று குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டைத் தூக்கிப் பார்த்துக் கறி எத்தனை கிலோ என்று பேசுவார்களே தவிர மயிரைப் பற்றி ஒருவர் வாய் திறக்க மாட்டார். கத்தரித்த மயிரை வேலியோரம் கொட்டுகிற பட்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கருங்குறும்பை வளர்க்கிற சில குடும்பங்களுக்காவது மேய்ச்சலுக்கு இடமும், கத்தரித்த மயிரை வாங்கிக்கொள்ள சந்தையிலேயே ஓர் ஏற்பாடும் வேண்டும். அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். கூடவே கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு குழித்தறி, அடிக்கும் வில், ராட்டை, ஒரு பழைய கம்பளி, இவ்வளவு வைத்தால்கூடப் போதும். விட்னியில் அந்த 1721 மண்டபம் ஒற்றை முள் கடிகாரத்தோடு இன்னும் நிற்கிறது. நம் பிள்ளைகளுக்குக் காட்ட இங்கே என்ன இருக்கிறது? வீரபத்திரசாமி பண்டிகையில் குறும்பர்கள் தலையில் தேங்காய் உடைப்பதை டிவிக்காரர்கள் வருஷா வருஷம் வந்து படம் எடுக்கிறார்கள். அதே சனங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்த கம்பளிக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாமே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நெய்தவர்களில் பலர் வயதாகி நடமாட முடியாமல் இருக்கிறார்கள். ஒரு நிருபரைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் அனுப்புங்கள், இந்த வருஷமே அனுப்புங்கள். நூற்ற பெண்களையும் விட்டுவிடாமல் கேட்கச் சொல்லுங்கள். தறியைப் பற்றி ஆண்கள் சொல்வார்கள், எந்த மயிர் பாவுக்கு ஆகும், எது குறுக்கே ஓடும் ஊடைக்கு ஆகும் என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கெலமங்கலம், கிருஷ்ணகிரி மாவட்டம்