பெங்களூர் பீரும் நம்மூர் அக்கானியும்: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சிக்கும், பொருளாளருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்த மழையிலும் நாகர்கோவில் வரை வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, ஆனி ஆடிச் சாரலில் மட்டும் ஆள் குறைவு. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர், தக்கலை, குலசேகரம் பக்கத்திலிருந்தும் கூடுதலாக வந்திருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பானம் எப்படி உருவாகிறது, அதன் ருசி எங்கிருந்து வருகிறது, அதைச் செய்கிறவர் யார் என்று தெரிந்துகொண்டு, அளவோடு குடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சங்கத்தைத் தொடங்கினோம். குடிக்காதவர்களும் இதில் உறுப்பினர்தான், அவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. சங்கத்தின் பெயரைச் சொல்லி யாரும் எதையும் காய்ச்சவோ விற்கவோ கூடாது. குடித்த நாளில் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது. இந்த இரண்டிலும் யாருக்கும் சலுகை கிடையாது, தலைவருக்கும்தான்.

இந்த ஆண்டின் பெரிய காரியம் பெங்களூர்ப் பயணம். நம் மாநிலத்தில் பீர் என்றால் பெரிய ஆலையில் செய்து, பாட்டிலில் அடைத்து, டாஸ்மாக் கடை வழியாக வருவதுதான். எந்தக் கம்பெனியை எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி லாகர் (குறைந்த சூட்டில் மெதுவாக நொதிக்கவிடும் பீர் வகை), நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிரவைத்துக் குடித்தால் ருசி தெரியவே வழியில்லை. கடையிலேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற கிராஃப்ட் பீர் நம் நாட்டுக்கு வந்து ரொம்ப நாள் ஆகிவிடவில்லை. புனேயில் டூலாலி 2009-ல் தொடங்கியது, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பெங்களூரில் டாய்ட், பியர் கிளப், ஆர்பர், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று வரிசையாக வந்துவிட்டன. இன்றைக்கு அந்த ஊரில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட மைக்ரோபுருவரிகள், அதாவது இப்படிக் கடையிலேயே காய்ச்சும் சின்ன பீர் ஆலைகள், இருக்கின்றன. சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் காலையில் பெங்களூர். ஊருக்குள் எங்கே போவதென்றாலும் மெட்ரோவில்தான் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். இந்திரா நகர் ஸ்டேஷனில் இறங்கினால் சுற்றிலும் புருவரிகள்தான்.

ஒரு புருவரியில் காலை நேரத்தில், கடை திறக்கும் முன்பே, பீர் காய்ச்சுகிற தம்பி எங்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், வராதவர்கள் நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்லியை நனைத்து முளைகட்டி, முளை நீள்வதற்குள் சூடு காட்டி உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் மால்ட். கையில் கொஞ்சம் தந்தார், மென்றால் பொட்டுக்கடலை மாதிரி மொறுமொறுவென்று இருந்தது, கடைசியில் ஒரு இனிப்பு. அதை உடைத்து 65 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாக மாறிவிடுகிறது. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவைப் போடுகிறார்கள். கசப்பு அதிலிருந்துதான் வருகிறது, முதலில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம். இந்தக் கொடி நம் பக்கமெல்லாம் விளையாது, இமாசலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது, மற்றபடி பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து, பெரிய ஸ்டீல் தொட்டிகளில் நொதிக்க விடுவார்கள். ஏல் வகை என்றால் 20 டிகிரி பக்கம், லாகர் என்றால் 10, 12 டிகிரி, நாளும் கூட ஆகும். சாறு கொதித்துக்கொண்டிருந்தபோது தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். நம் திங்கள்சந்தை அக்கா குனிந்து மோந்துவிட்டு, "இது கருப்பட்டி காய்ச்சும்போது விடிலிக்குள்ள வாற மணமில்லா?" என்றார்கள். விடிலி என்றால் கருப்பட்டி காய்ச்சும் குடிசை. எல்லாரும் மாறி மாறிப் போய் மோந்து பார்த்தோம். அதேதான்.

அப்புறம் ருசி பார்க்கும் கட்டம். எல்லா வகையிலும் சின்னச் சின்னக் கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, ஆளுக்கு இரண்டு மிடறு. ஸ்டவுட் கறுப்பாக, கடுங்காப்பி வாசனையோடு, அதற்குக் காரணம் வறுத்த பார்லி, காப்பிப்பொடி கிடையாது. டாய்ட்டில் பாசுமதி அரிசி சேர்த்து ஒரு பீர் செய்கிறார்கள், லேசாக, கசப்பு அதிகமில்லாமல். ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டுச் செய்வது பெல்ஜியம் நாட்டு முறை, அதற்கு விட் பீர் என்று பெயர், நம்மில் பாதிப் பேருக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது ஜெர்மனி முறைக் கோதுமை பீர்தான், ஹெஃபவைசன் என்கிறார்கள். கலங்கலாக, நுரை கட்டி இருக்கும். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனதுமே பழுத்த வாழைப்பழ வாசனை, அதற்குப் பின்னால் கிராம்பு. உள்ளே பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகவே ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது, அதுதான் வாழைப்பழ மணம், கிராம்பு மணத்துக்கு வினைல் குவாயக்கால் என்று இன்னொன்று. யோசித்துப் பாருங்கள், கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-லும் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, இரண்டும் நம் மாவட்டத்து விளைச்சல். மருந்துவாழ்மலை அடிவாரத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தக் கிளாஸை மோந்த உடனே வீட்டு நினைப்பு வருகிறது. ருசியை வெளியூர்க்காரனிடம்தான் கற்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. ருசி பார்க்க வேண்டிய மூக்கும் நாக்கும் நமக்கு ஏற்கெனவே இருக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

எல்லா இடமும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை, பரிமாறியவரிடம் எந்த ஈஸ்ட், என்றைக்குக் காய்ச்சியது என்று கேட்டால் விலைப்பட்டியலைக் காட்டினார். விலையும் அதிகம்தான், நம் ஊர்ச் சம்பளத்தில் அடிக்கடி போகிற இடங்கள் இல்லை. ஆனால் நல்ல இடங்களில் சுவரில் ஒரு பலகை இருக்கிறது பாருங்கள், அதில் பீரின் பெயர், வகை, ஆல்கஹால் எத்தனை சதவீதம், எவ்வளவு கசப்பு எல்லாம் எழுதியிருக்கிறது. காய்ச்சுகிறவரைக் கூப்பிட்டு வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்கிறார்கள், அவரும் நின்று பதில் சொல்கிறார். அந்த மரியாதை என் மனதில் நின்றுவிட்டது.

ஏனென்றால் அதே வேலையைச் செய்கிற நம் பனையேறிக்கு அது கிடைப்பதில்லை. மாசிக் கடைசியில் கருங்கல் பக்கம் ஒரு விளையில் (பனந்தோப்பில்) அக்கானி, அதாவது பதநீர், இறக்குவதைப் பார்க்கப் போனோமே, அன்றைக்கே இதைப் பேசினோம், பெங்களூர் போய் வந்த பிறகு இன்னும் உறைக்கிறது. விடியுமுன் அந்த அண்ணன் காலில் தளையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அருவாப்பெட்டியோடு ஏறினார். மேலே போய்ப் பாளையின் நுனியில் காகிதம் மாதிரி மெல்லிய ஒரு சீவல், அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதலாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், குறைத்துச் சீவினால் வாய் அடைத்துக்கொண்டு சொட்டாது. காலையும் மாலையும் ஏறி இதைச் செய்ய வேண்டும், ஒரு வேளை விட்டால் பாளை கெட்டுவிடும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி வைப்பது, இனிப்பு நொதித்துவிடாமல் தடுக்க. அதிலும் கணக்கு இருக்கிறது: சுண்ணாம்பு கூடினால் நாக்கில் உறைக்கும், குறைந்தால் கீழே இறக்குவதற்குள் புளித்துவிடும். அண்ணன் ஓலைப்பட்டையில் ஊற்றித் தந்தார். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரத்து அக்கானியைத் தனித்தனியாகக் குடித்துப் பார்த்தோம், ஒன்று கெட்டியான இனிப்பு, இன்னொன்றில் லேசாக ஒரு உப்புச்சாயல். "மரத்துக்கு மரம் மாறும் மக்கா, மனுசன் மாதிரிதான்," என்றார். விடிலியில் அண்ணி அதைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பத்து லிட்டர் சுண்டினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பொங்கி வரும்போது நசுக்கின ஆமணக்கு முத்து ஒன்றைப் போட்டால் நுரை அடங்கிவிடுகிறது, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். இதில் எந்த இடத்திலும் தெர்மாமீட்டர் இல்லை. கண்ணும் கையும்தான்.

ரோட்டோரத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து அக்கானி என்று விற்கிறார்கள், வெள்ளைச் சீனி சேர்த்த கருப்பட்டி சந்தையில் குறைந்த விலைக்கு வருகிறது. உண்மையான சரக்கை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்கவே முடியாது. யார் இறக்கியது, எந்த ஊர், எத்தனை மணிக்கு என்று வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தால்தான் இது மாறும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதனால் வருகிற பருவத்தில் நம் சங்கம் அறிமுகம் செய்து வைக்கும் பனையேறிகளிடம் ஒரு சின்ன அட்டை இருக்க வேண்டும், அதில் அவர் பெயர், ஊர், இறக்கிய நேரம், சுண்ணாம்புக் கலயம்தான் என்ற உறுதி. அச்சுச் செலவு சங்கத்தினுடையது. செயற்குழு ஒப்புக்கொண்டுவிட்டது.

கள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். களியக்காவிளை தாண்டினால் பாறசாலைப் பக்கம் லைசன்ஸ் உள்ள கள்ளுக்கடைகள் இருக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் வந்தோம். தென்னங்கள்தான் அங்கே பெரும்பாலும். கேரளக் கடைகளுக்குக் கணிசமான கள் பாலக்காடு சித்தூர்ப் பக்கத்திலிருந்து போகிறது. கூடவே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். பீருக்கு ஈஸ்டை நாம்தான் சேர்க்க வேண்டும், கள்ளுக்கு அது காற்றிலும் கலயத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, சுண்ணாம்பு இல்லையென்றால் மரத்தில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மதியம் போதை ஏறி, மறுநாள் வினிகர் வாசனை. கடையில் எங்களுக்குக் கிடைத்தது மதியக் கள், நுரைத்து, லேசான புளிப்போடு. பெங்களூரில் புளிப்பு பீர் என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தந்ததற்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை. யாரும் குப்பியில் கொண்டுவரவில்லை, அதையும் இங்கே பதிவு செய்கிறேன். நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வேலை, இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் அது லைசன்ஸ் தொழில், இந்தப் பக்கம் 1987 முதல் குற்றம்.

கள்ளுக்கு நிபந்தனைகளோடு அனுமதி கேட்டு அரசுக்கு மனு கொடுப்பது பற்றி ஆவணிக் கூட்டத்தில் காரசாரமாகப் பேசினோம். பெண் உறுப்பினர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். "கடை எதுவானாலும் சம்பளம் வீட்டுக்கு வராது, அத நாங்கதான் பாக்குறோம்," என்று ஒரு அக்கா சொன்னபோது யாராலும் உடனே பதில் பேச முடியவில்லை. அது நியாயமான கவலை. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியைவிடக் கள் பல மடங்கு லேசானது, காசு பனையேறியின் கைக்கே போகும் என்பது என் வாதம், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. கடைசியில் மனுவில் மூன்று திருத்தம் சேர்த்தோம்: இறக்குகிறவரே விற்க வேண்டும், இருட்டிய பிறகு விற்பனை கூடாது, கலப்படத்துக்கு லைசன்ஸ் ரத்து. அதன் பிறகும் எதிர்த்து வாக்களித்தவர்களின் கருத்தும் மனுவோடு இணைத்து அனுப்பப்படும். அது அவர்கள் உரிமை.

பனை இருந்தால்தானே இதெல்லாம். ரப்பர் வந்தபோது கொஞ்சம் போனது, வீட்டு மனை போட்டபோது மீதி போய்க்கொண்டிருக்கிறது. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். அது நிறையப் பேருக்குத் தெரியவில்லை, உங்கள் ஊரில் வெட்டுவதைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். ஆவணி, புரட்டாசியில் குளக்கரைகளில் பனங்கொட்டை ஊன்றினோம். ஊன்றியதைவிட முக்கியம் ஆடு மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்வது, பக்கத்தில் இருக்கிறவர்கள் பொறுப்பு எடுத்தால் நல்லது. பனை பாளை விட எப்படியும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய: விளையைத் திறந்துவிட்ட கருங்கல் அண்ணன் குடும்பம், பெங்களூரில் எங்களுக்காக ஒரு காலைப் பொழுதைத் தந்த தம்பி, ரயில் டிக்கெட்டுக்கு அலைந்த இளைஞர் குழு, கூட்டத்துக்கு இடம் தரும் வாசகசாலை நிர்வாகம்.

வருகிற பங்குனியில் மறுபடியும் அக்கானி விளைக்குப் போகிறோம், இந்த முறை பிள்ளைகளையும் கூட்டி வரலாம். பெங்களூர்த் தம்பி நம் கருப்பட்டியைச் சேர்த்து ஒரு ஸ்டவுட் காய்ச்சிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், நல்ல கருப்பட்டியாகப் பார்த்து அனுப்பி வைக்கும் பொறுப்பைத் திங்கள்சந்தை அக்கா எடுத்திருக்கிறார்கள். பங்குனிப் பயணத்துக்கு வருகிறவர்கள் இன்று கிளம்புவதற்குள் பொருளாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள், வேன் பேச வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்
நாகர்கோவில்