ஞாயிறு ஏப்ரன் தைக்கிறோம்

அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு மதியம் 2 மணிக்கு வழக்கம்போல் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுவோம்.

ஆளுக்கு 45 அங்குல அகலப் பருத்தித் துணி 1 மீட்டர் போதும். வெட்டுமுன் கட்டாயம் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கிவிடும். இந்த மூடுபனியில் காய இரண்டு நாளாவது ஆகும், அதனால் வியாழனே நனைத்துவிடுங்கள்.

பட்டர்னைப் பழைய பேப்பரில் பாதி மட்டும் வரைந்து வாருங்கள். நீளம் 33 அங்குலம், கீழ் அகலம் 13½, மார்புப் பக்கம் 5. மேலிருந்து 10 அங்குலம் இறங்கி, கை வரும் இடத்தை வளைவாகச் சேர்க்க வேண்டும். பேப்பரின் நேர்க்கரையைத் துணி மடிப்பில் வைத்து வெட்டினால் முழு ஏப்ரன் வந்துவிடும். மிச்சத் துணியில் நாடாவும் பையும்.

சுருக்கம் விழுவது அந்த வளைவில்தான். ஓரத்தை மூடித் தைக்கும் துணிப் பட்டியை நேராக வெட்டினால் அங்கே படியாது. பட்டியைத் துணியின் மூலைக்கு மூலை குறுக்காக, 1½ அங்குல அகலத்தில் வெட்டுங்கள். இழுத்த பக்கம் வளைந்து கொடுக்கும். அதை நான் பக்கத்தில் இருந்தே காட்டுகிறேன்.

அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது படங்கை, அதாவது உடை நனையாமல் கட்டும் கெட்டித் துணியை, இடுப்பைச் சுற்றி முன்னால் முடிச்சுப் போடுவார். கை ஈரமானால் உடனே அவிழ்க்கலாம். அப்படியே கட்ட, இடுப்பு நாடா ஒவ்வொன்றும் 36 அங்குலம் வையுங்கள்.

மெஷின் இரண்டுதான் இருக்கிறது. கத்தரி, குண்டூசி நீங்களே கொண்டு வாருங்கள்.