ஐ.டி.ஐ. மிச்சப்பட்டவர்களுக்கான இடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட கல்வி வழிகாட்டி இணைப்பின் கடைசிப் பக்கத்தில், ‘மதிப்பெண் குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம், அவர்களுக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது’ என்று ஒரு வரி இருந்தது. ஆறுதலாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்கிப் படிக்கும் எனக்கு அந்த ஆறுதலைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் அரசு ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில், இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டர் தொழில் படித்து, கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 91 வாங்கிய பிறகே அங்கே சேர்ந்தேன். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அதைவிட, இரும்பு வேலை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் மாதம் முழுவதும் ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டே இருப்போம். ராவிய முகத்தில் மூலைமட்டத்தை வைத்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தாலும், பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் துண்டைத் திரும்ப வைஸில் மாட்டிவிடுவார். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்ப்பு ஏறிய பிறகுதான் எனக்கு அந்த வெளிச்சம் மறைந்தது. வெர்னியர் அளவுகோலில் 0.02 மி.மீ. வரை அளந்து சொல்ல வேண்டும். லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் சரிவாகக் கடைவதற்குக் கோணம் கண்டுபிடிக்க முக்கோணவியல் தெரிய வேண்டும். படிப்பு வராதவனுக்கு இது தானாக வந்துவிடும் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு!

தொழில் கற்கச் சொன்னாலே நம் மக்களுக்குச் சந்தேகம் வருவதன் காரணம் தாங்கள் அறியாததல்ல. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். மறு ஆண்டே காமராசர் அதைக் கைவிட்டார். அப்பன் தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டுவதை எதிர்த்தது முற்றிலும் நியாயம். ஆனால் ஐ.டி.ஐ.யில் என் வரிசையில் நெசவாளி மகனும், துப்புரவுப் பணியாளர் மகனும், மளிகைக் கடைக்காரர் மகனும் அடுத்தடுத்த வைஸில் நின்றோம். எங்களில் எவருடைய அப்பாவும் ஃபிட்டர் இல்லை.

எனக்குப் பெண் பார்த்தபோது, பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்டவர்களிடம் என் அம்மா, ‘கம்பெனியில் இருக்கிறான்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எதுவும் மாறவில்லை. என் தம்பி மகனுக்கு கடைசல் வேலை கற்பிக்கும் டர்னர் பிரிவில் சேர ஆசை. சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து, அவனை ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார்கள். பட்டமும் வாங்கினான். இப்போது குறிச்சியில் ஒரு பட்டறையில், தன்னைவிட ஐந்து வயது இளைய ஐ.டி.ஐ. பையனிடம் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வேலைத் துண்டைப் பொருத்தித் தயார் செய்யும் ஜாப் செட்டிங் கற்றுக்கொண்டிருக்கிறான். கற்பதில் இழிவே இல்லை. ஆனால் பத்திரம் இன்னும் மீளவில்லை. நான்காண்டுப் பொறியியல் படிப்பே நீளம் என்று வாதாடி, தாம் உருவாக்கக் காரணமாயிருந்த ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியை விட்டே விலகிய கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் ஊரில் இது நடக்கிறது.

கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகள் வேதியியலில் முதுகலை வரை படித்தாள், விரும்பிப் படித்தாள். தம்பி மகனுக்கும் அந்த விருப்பத்தைத்தான் கேட்கிறேன். வெல்டர் ஓராண்டு, ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் ஈராண்டு என்பதையோ, ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் சேர வழியிருக்கிறது என்பதையோ தங்கள் இணைப்பு சொல்லவில்லை. ரயில்வேயின் துணை லோகோ பைலட் வேலைக்குப் பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. படித்தவர் விண்ணப்பிக்கலாம் என்பதும் அதில் இல்லை. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்த 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போடப்பட்ட மாநிலத்தின் நாளிதழ், அவற்றுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வரி.

இதுபற்றி முன்பே இரண்டு முறை எழுதியிருக்கிறேன், கடிதங்கள் வெளியாகவில்லை. இந்த முறை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டு இணைப்பில் ஐ.டி.ஐ. சேர்க்கைத் தேதிகளையும் பிரிவுகளின் பட்டியலையும் பொறியியல் கலந்தாய்வுக்கு அடுத்த பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். ‘மதிப்பெண் குறைந்தவர்கள்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் அங்கே தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
கோயம்புத்தூர்.