ஊதா வள்ளிக்கிழங்குக்கு முன்னால் பிறப்புப் பதிவேட்டைக் காட்டுங்கள்

நீண்ட ஆயுள் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்களுக்கும், அதில் பேசும் வல்லுநர்களுக்கும்,

வணக்கம். 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு பாகத் தொடர் ஒகினாவா (ஜப்பான்), சார்டீனியா (இத்தாலி), இக்காரியா (கிரேக்கம்), நிக்கோயா (கோஸ்டா ரிக்கா), லோமா லிண்டா (அமெரிக்கா) என்ற 'நீல மண்டலங்களை', அதாவது நூறு வயதைத் தொடுவோர் அதிகம் என்று சொல்லப்படும் இடங்களை, உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அதன் பிறகு இந்த வகைப் படங்கள் வரிசைகட்டி வருகின்றன. அவற்றை எடுக்கப்போகும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தட்டில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு முன், அந்த நூறு வயது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று காட்டுங்கள்.

பிழை எப்படி நுழைகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓரிடத்தில் உண்மையாகவே நூறைத் தொட்டவர்கள் 150 பேர் என்று வையுங்கள். எண்பதைத் தாண்டிய 40,000 பேரில் ஐந்நூறில் ஒருவருடைய வயது மட்டும் நூறு என்று தவறாகப் பதிவானாலே 80 போலி நூற்றாண்டுக்காரர்கள் சேர்ந்துவிடுவார்கள். யாரும் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. 2010-இல் டோக்கியோவில் 111 வயது என்று பதிவாகியிருந்தவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டது தெரியவந்தது. பிறகு ஜப்பான் அரசு தேடியபோது, குடும்பப் பதிவேட்டில் நூறைக் கடந்து, இருப்பிடம் தெரியாமல் 2,34,354 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் இறப்பைப் பதியாததுதான் காரணம். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புப் பதிவு முழுமையாக வந்ததும் 110 வயதுக்காரர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 விழுக்காடு வரை சரிந்ததைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஆய்வாளர் சால் நியூமன். 2024-இல் அவருக்கு இக் நோபல் (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பகடிப் பரிசு) கிடைத்தது.

வயதைச் சரிபார்ப்பது மந்திரமல்ல, சலிப்பான வேலை. பிறப்பு அல்லது ஞானஸ்நானப் பதிவின் மூலப் பக்கத்தைப் பாருங்கள். சான்றிதழ் நகல் போதாது. பிறந்த தேதிக்கும் பதிந்த தேதிக்கும் ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருந்தால் அது பிற்பாடு யாரோ சொல்லி எழுதியது. பெற்றோர் பெயரைத் திருமணப் பதிவோடும், பழைய மக்கள்தொகைக் கணக்கோடும் ஒப்பிடுங்கள். உடன்பிறந்தோர் எல்லாரையும் வரிசைப்படுத்துங்கள்: இரண்டு பிறப்புகளுக்கு நடுவே ஆறு மாதம்தான் என்றால் ஏதோ ஒன்று தவறு. தாய்க்கு ஐம்பத்தைந்து வயதில் கடைசிக் குழந்தை என்று வந்தாலும் அப்படித்தான். மிகப் பெரிய பொறி பெயர்தான். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்திருப்பார்கள். தம்பி அண்ணனின் பதிவோடு நூறைத் தொட்டுவிடுவார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம்மூரில் மட்டுமல்ல, கிரேக்கத் தீவுகளிலும் உண்டு. ஒரே பெயரில் நாலு பேரன்கள் இருக்கும் குடும்பத்தில் எந்தப் பதிவு யாருடையது? பிறந்த தேதிகள் 5, 10, 15 என்று குவிந்தாலும் சந்தேகப்படுங்கள். (பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாளோடு ஓய்வுபெற்ற தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

ஐந்து மண்டலங்களையும் ஒரே தராசில் வைப்பதும் தவறு. சார்டீனியாவில் 1866 முதல் குடிமைப் பதிவு உண்டு, தேவாலய ஏடுகளும் உண்டு. ஆய்வாளர்கள் மிஷேல் பூலேனும் ஜான்னி பெஸ்ஸும் அவற்றை ஒப்பிட்டுத்தான் அந்தத் தீவின் நீண்ட ஆயுளைப் பற்றி 2004-இல் எழுதினார்கள். ஒகினாவாவில் 1945 போரில் பதிவேடுகள் பெரும்பாலும் அழிந்து, பிறகு மறுபடி எழுதப்பட்டன. அங்கே ஆழமான சரிபார்ப்பு தேவை என்று 2011-இல் கேட்டவரும் அதே பூலேன்தான். லோமா லிண்டா முற்றிலும் வேறு. கலிஃபோர்னியாவில் அட்வென்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு அது: மற்ற கலிஃபோர்னியர்களைவிட ஆண்களுக்கு 7.3, பெண்களுக்கு 4.4 ஆண்டுகள் கூடுதல். நூறு வயதுக்காரர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அந்த முடிவு நிற்கும். எங்கள் கணிப்பில் ஐந்தில் வலுவான சான்று அதுதான், ஆனால் படமாக்க அழகில்லாதது.

உணவுக்கு வருவோம். ஒகினாவா உணவு என்று சொல்லப்படும் அளவுகள் 1949 கணக்கெடுப்பிலிருந்து வந்தவை: நாளுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 849 கிராம், அரிசி 154, மீன் 15, இறைச்சி 3, மொத்தம் சுமார் 1,785 கிலோகலோரி. கிழங்கு அங்கே நூற்றாண்டுகளாகப் பிரதான உணவுதான். ஆனால் மூன்று கிராம் இறைச்சி, போர் முடிந்து நான்கே ஆண்டான தீவின் வறுமை. அந்த ஆண்டைத் திரையில் எழுத்தில் போடுங்கள். ஒகினாவா ஆண்களின் ஆயுட்கால வரிசை 2000-இல் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆம் இடத்துக்கும், 2020-இல் 43-ஆம் இடத்துக்கும் இறங்கியதையும் சேர்த்துப் போடுங்கள். மதுவைப் பற்றி ஒரு வரி: குடிக்காதோர் பட்டியலில் நோய் வந்து குடியை நிறுத்தியவர்களும் இருப்பதாலும் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத் தெரியலாம்.

'ஆரோக்கியமாக' என்று தலைப்பு வைத்தால் அதையும் அளந்து காட்டுங்கள். ஆசியர்களுக்கான 2019 அளவுகோல் இருக்கிறது: கைப்பிடி வலு ஆணுக்கு 28, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் குறைவு, 6 மீட்டர் நடையில் நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைவு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 12 நொடி அல்லது அதற்கு மேல். இவை தசைக் குறைவுக்கான எச்சரிக்கை. நடையை நின்ற இடத்திலிருந்து அளந்தால் வேகம் குறைத்துக் காட்டும்; முன்னும் பின்னும் கொஞ்சம் தூரம் விட்டு நடுவிலுள்ள 6 மீட்டரை மட்டும் அளக்க வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், கைகள் மார்பில் கட்டியிருக்கட்டும். பிடிவலுவைக் குறைந்தது இரண்டு முறை எடுத்து, கூடியதைக் குறியுங்கள்.

இதற்கெல்லாம் ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். பதிவேட்டு வேலைக்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். படப்பிடிப்புக்குக் கிளம்புமுன்பே ஊரில் ஒருவரை அமர்த்திவிடுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் நலத்திலும் மக்கள்தொகைக் கணக்கிலும் வேலை பார்க்கும் சிலர்