சமூகவியல் எடுத்திருக்கும் மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு,

அறிவியல் பிரிவு கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருந்தும் நீ பதினொன்றாம் வகுப்பில் சமூகவியலைத் தேர்ந்தெடுத்ததில் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம் என்று அண்ணன் சொன்னார். அந்த வருத்தம் காலப்போக்கில் ஆறிவிடும். ஆனால், "புத்தகத்தில் இருப்பதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் அத்தை, இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று நீ கேட்டிருந்ததைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

குடும்பம், சாதி, சந்தை, நகரம் என்று பாடத்தலைப்புகள் எல்லாமே நாம் பிறந்ததிலிருந்து வாழ்ந்துகொண்டிருப்பவை. எலக்ட்ரானைப் பற்றி நமக்கு முன்கூட்டிய கருத்து எதுவும் இல்லை. சாதியைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியுமோ, பதினாறு வயதுக்குள் வீடும் தெருவும் சேர்ந்து ஒரு முழுக் கருத்தையே நமக்குக் கொடுத்துவிடுகின்றன. தெரியும் என்ற அந்த நினைப்புதான் இந்தப் பாடத்தின் கடினமான பகுதி.

உங்கள் அடையாறு வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா அடிக்கடி தாமதமாக வருகிறார் என்று உன் அம்மா குறைப்பட்டுக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அவர் கண்ணகி நகரிலிருந்து வருகிறார். நகரின் நடுவே ஆற்றங்கரைகளிலும் கால்வாயோரங்களிலும் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தி, 2000ஆம் ஆண்டிலிருந்து அரசு குடியமர்த்திய இடம் அது. வேலை செய்யும் வீடுகள் நகரத்திலேயே இருக்க, வேலை செய்பவர்களின் வீடுகள் மட்டும் பல கிலோமீட்டர் தள்ளிப் போயின. தாமதம் என்பது ஒருவரின் பழக்கமா, அல்லது ஒரு நகரம் எடுத்த முடிவின் விளைவா என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் சமூகவியல் தொடங்குகிறது. தனிமனிதரின் தொல்லைக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள தொடர்பைக் காண்பது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் சொன்னது இதைத்தான்.

கேள்வி கேட்பதோடு மட்டும் முடிந்துவிடுவதில்லை. வங்காளத்தில் பிறந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய், 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கிச் சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகியவற்றை ஆராய்ந்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று எழுதினார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே இடம் கிடைத்ததால் பிராமணர்களின் வாழ்க்கையை மிக அருகிலிருந்து பார்க்க முடிந்தது. அதே காரணத்தால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியாமல் போனது. இந்த வரம்பை அவர் மறைக்காமல் பதிவு செய்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறோமோ, அந்தத் திண்ணைக்கு எட்டியதுதான் நமக்குத் தெரிகிறது.

உங்கள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், செயல்திட்டத்துக்கு 20. அந்த 20ஐப் பலரும் சடங்காக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரதட்சணை பற்றிப் பத்துக் குடும்பங்களிடம் கேட்டதாக எழுதி, ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் நல்ல மதிப்பெண் வாங்கினேன். கல்லூரியில் முதன்முறையாகக் கள ஆய்வுக்குப் போனபோது ஒருவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பெரிய பயிற்சி வேண்டுமே என்று தயங்காதே. கொச்சி சமஸ்தானத்தில் 1902இல் இனவரைவியல் ஆய்வுப் பொறுப்பை, அதாவது மக்கள் குழுக்களின் வாழ்க்கைமுறைகளைப் பதிவு செய்யும் பொறுப்பை, ஏற்ற எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் அந்தத் துறையில் முறையாகப் பயின்றவர் அல்லர். வார நாட்களில் கல்லூரியில் கற்பித்துவிட்டு, வார இறுதிகளில் ஊதியமில்லாமல் அந்த வேலையைச் செய்தார்.

ஆகவே இந்த ஆண்டுச் செயல்திட்டத்துக்குக் கண்ணகி நகரிலிருந்து உங்கள் குடியிருப்புக்கு வேலைக்கு வரும் பெண்களிடம் பேசு. எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எத்தனை பேருந்து மாறுகிறார்கள், குடிபெயர்ந்தபோது எத்தனை வீடுகளின் வேலையை இழந்தார்கள் என்று கேள். அவர்களின் சம்மதத்தை முதலில் பெற்றுக்கொள், பெயரை எழுதாதே, அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே எழுது. உன் வீட்டுச் சமையலறையில் வைத்து மட்டும் பேசாதே, அங்கே நீ முதலாளியின் மகள். வேலை முடிந்து அவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் நிறுத்தத்துக்குப் போ. எழுதிய முதல் குறிப்புகளைத் திருத்தாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை