பதினாறாம் மாத ஊசி விட்டுப்போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெங்கு கொசுவைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்லது. வயல் கொசுவைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் பெருகி, பொழுது சாய்ந்த பிறகு கடிக்கிறது. பெயர்தான் ஜப்பான். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம் வடஆற்காட்டு வேலூரில். வந்துவிட்டால் நோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. பிழைத்த பிள்ளைகளிலும் பலருக்குக் கை கால் முடக்கமோ வலிப்போ தங்கிவிடுகிறது.

தடுப்பூசி இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் அல்ல, நோய் அதிகமுள்ள மாவட்டங்களில்தான் அரசு போடுகிறது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசியை யாரும் மறப்பதில்லை, விட்டுப்போவது இரண்டாவதுதான்.

என் பேத்திக்கே அப்படி ஆனது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து பத்து மாதம் எங்களோடு இருந்தாள். முதல் ஊசி இங்கே போட்டாயிற்று. அப்புறம் வெளியூர் போய்விட்டார்கள். ஆடி மாதம் வந்தபோது அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். தட்டம்மை - ரூபெல்லா இரண்டாம் தவணைக்கு நேரே நீல மையில் தேதி. பக்கத்தில் மூளைக்காய்ச்சல் கட்டம் காலி. கேட்டதற்கு, "இது எங்க ஏரியாவுல போடறதில்லைன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றாள். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது இரண்டு மாதம். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அடுத்த புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "முதல்ல போட்டது வீணாகலம்மா, திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், விட்டதைப் போட்டா போதும்" என்று சொல்லி அன்றே போட்டார். நாள் தள்ளிவிட்டது, இனி என்ன செய்வது என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார்களுக்கு இந்த ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதும், பிள்ளை தவழும்போது திரும்பிப் போவதும் வழக்கம். வேலைக்காகப் பெங்களூரு, சென்னை என்று போகிற குடும்பங்களும் நிறைய. எனவே சுகாதாரத் துறையினரிடம் என் கோரிக்கை: முதல் ஊசி போடும் அன்றே இரண்டாவதற்கான தேதியை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். 16-ஆம் மாதம் தாயின் கைப்பேசிக்கு ஒரு அழைப்பு விடுங்கள், அவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி.

ஒரு வாசகி,
ஆரணி.