இரண்டு ஹெக்டேர் கணக்கு: ஒப்புதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

காட்டின் ஊடாகச் சாலையும் கால்வாயும் கேட்டு வரும் கோப்புகளுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கு,

வணக்கம். அந்தக் கோப்புகளில் 'இழக்கப்படும் வனப்பரப்பு' என்றொரு கட்டம் இருக்கும். அதில் உள்ள எண் பெரும்பாலும் சிறியது. பொய்யும் அல்ல. ஆனாலும் அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

ஒரு கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட காட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 100 ஹெக்டேர். வெயிலும் காற்றும் விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரை உள்ளே புகுந்து வாட்டும் என்று கொண்டால், நிழல் கலையாத உள்காடு 64 ஹெக்டேர். நடுவே 20 மீட்டர் அகலத்தில் சாலை போடுங்கள். கோப்பில் இழப்பு 2 ஹெக்டேர்தான். சாலையின் இருபுறமும் புது விளிம்புகள் உருவாவதால் உள்காடோ சுமார் 46 ஹெக்டேராகச் சுருங்கிவிடும். 2 எங்கே, 18 எங்கே?

இது வெறும் காகிதக் கணக்கல்ல. அமேசானில் மனாவுஸ் நகருக்கு அருகே 1, 10, 100 ஹெக்டேர் எனத் தனித்துவிடப்பட்ட காட்டுத் துண்டுகளை 1979 முதல் கவனித்துவருகிறார்கள். விளிம்போரப் பெருமரங்கள் காற்றில் சாய்ந்தன. அடர்காட்டின் கீழ்த்தட்டில் வாழும் பறவைகளில் பல, 80 மீட்டர் வெட்டவெளியைத் தாண்டத் தயங்கின. சிறகிருந்தும்!

இன்னொரு வரி என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறது: 'ஆய்வின்போது உயிரினம் ஏதும் தென்படவில்லை.' பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளில் கிளான்வில் ஃபிரிட்டில்லரி என்ற வண்ணத்துப்பூச்சியைச் சூழலியலாளர் இல்க்கா ஹன்ஸ்கி 1990களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்தார். அதற்கேற்ற புல்வெளித் துண்டுகள் அங்கே சுமார் 4,000. இலையுதிர் காலத்தில் ஆய்வாளர்கள் குனிந்து செடிகளை விலக்கி, புழுக்கள் கூட்டமாகத் தங்கும் வெண்பட்டுக் கூடுகளைத் தேடுவார்கள். எந்த ஆண்டிலும் கூடுகள் கிடைப்பது சில நூறு துண்டுகளில் மட்டுமே. ஓரிடத்தில் அற்றுப்போகும், பக்கத்துத் துண்டிலிருந்து வந்து மறுபடி குடியேறும். இனம் பிழைத்திருப்பதே இந்தப் போக்குவரத்தால்தான். காலியாகக் கிடக்கும் துண்டைப் பயனற்ற நிலமென்று தாரை வார்த்தால், இன்று பூச்சி பறக்கும் துண்டுக்கும் சேர்த்தே நாள் குறித்துவிடுகிறோம்.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் பூமாக்கள் என்ற பெரும்பூனைகள் காட்டின. 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பதே எஞ்சியிருந்தன. உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் முறுக்கிய வால், இதயக் கோளாறு, விந்துக் குறைபாடு. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. முன்பு அவை தாமாகவே நடந்து கலந்தவை.

'விலங்குகளுக்கு மேம்பாலம் கட்டித்தருகிறோம்' என்பார்கள். கனடாவின் பான்ஃப் பூங்காவில் அது பலன் தந்திருக்கிறது; சாலை நெடுக வேலி போட்டு, விலங்குகள் பழகச் சில ஆண்டுகள் பொறுத்திருந்த பிறகு. போன உள்காட்டைப் பாலம் திருப்பித் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே அடுத்த கோப்பில் உள்காடு எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். காலித் துண்டுகளையும் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தையும் காட்டும் வரைபடம் கேளுங்கள். காட்டைச் சுற்றிப் போகும் மாற்றுப்பாதையின் செலவுக் கணக்கும் அதில் இருக்க வேண்டும். இவை இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர் ஒருவர்